பிறந்த குட்டி ஏன் நிற்கவில்லை?

வெள்ளாட்டுக் குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிட வேண்டும். தாய் நக்கித் துடைத்துக்கொண்டிருக்கும்போதே நாலைந்து முறை தடுமாறி விழும். பிறகு கால்களை அகட்டி ஊன்றி மடியைத் தேடிப் போகும். அப்படி எழாத குட்டியையும், எழுந்தும் முன்னங்கால் மடங்கிக் கணுவில் ஊன்றி நடக்கிற குட்டியையும், பத்து நாள் துள்ளி விளையாடிவிட்டுத் திடீரென்று படுத்துக்கொண்ட குட்டியையும் 'கால் ஊனம்' என்று ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். அந்தப் பெயருக்குள் பத்துப் பதினைந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. சில தாமாகவே ஒரு வாரத்தில் சரியாகும். சில இரண்டே நாளில் கொல்லும். வேறு சிலவற்றுக்குக் குட்டி பிறந்தபின் வைத்தியமே கிடையாது. தாய் சினையாக இருந்தபோது தடுத்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கோளாறு எந்த நாளில் தொடங்கியது என்பது.

இந்தக் கேள்வியை வைத்திக்குப்பத்திலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரி நகரில், குருசுக்குப்பத்தை அடுத்துக் கடலை ஒட்டிக் கிடக்கும் மீனவர் குப்பம் அது. மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு அங்கே வந்து இறங்குவதால் ஊர்ப்பெயரை அறியாத புதுச்சேரிக்காரர் இல்லை. ஆடு வளர்ப்பு என்றதும் நம் மனம் மானாவாரிக் காட்டுக்கும் மேய்ச்சல் கரட்டுக்கும்தான் போகிறது. கடலோரக் குப்பங்களின் ஆடுகள் கணக்கில் வருவதில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 14.9 கோடி வெள்ளாடுகள். அவற்றில் ஒரு பங்கு இப்படி நகரச் சந்துகளிலும் மாடிப்படிக்கு அடியிலும் வளர்கிறது. பெரும்பாலும் பெண்கள் வளர்க்கிற ஆடு. மீன்வரத்து இல்லாத நாளில் விற்றுப் பணமாக்கக்கூடிய ஆடு. அங்கே ஒரு குட்டி கால் ஊன்றாமல் போனால் அது ஒரு வீட்டின் சேமிப்பில் விழுகிற ஓட்டை.

நகரத்து ஆட்டின் தீனி வேறு. காட்டு ஆடு ஒரு நாளில் பலவிதச் செடிகளை நுனி நுனியாகக் கடித்துத் தனக்கு வேண்டிய உப்புகளைச் சேர்த்துக்கொள்ளும். தெரு ஆட்டுக்குக் கிடைப்பது சாப்பாட்டுக் கடை மிச்சச் சோறு, வாழையிலை, காய்கறிக் கழிவு, சுவரொட்டி, அதில் ஒட்டிய பசை. நடுவே பூவரசந்தழை கிடைத்தால் உண்டு. வயிறு நிறைகிறது; தாமிரமும் செலினியமும் துத்தநாகமும் நிறைவதில்லை. பிளாஸ்டிக் பை பெருவயிற்றில் தங்கிவிட்டால் தின்பதே குறைந்துபோகும். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். கடைசி ஐம்பது நாளில்தான் கரு வேகமாக வளர்கிறது. அந்த ஐம்பது நாள் தீனி, பிறக்கப்போகும் குட்டியின் காலில் தெரியும்.

பிறக்கும்போதே இருக்கிற கோளாறுகளில் அடிக்கடி காண்பது தசைநாண் சுருக்கம். முன்னங்கால் கணுவோ முட்டியோ உள்பக்கமாக மடங்கி, குளம்பின் முன்பக்கம் தரையில் உரசும். கருப்பைக்குள் இடம் போதாமல் கால் மடங்கியே கிடந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இரட்டையோ மூன்றோ இருந்தால் இது நேரும். சின்ன நாட்டு ஆட்டுக்கு ஜமுனாபாரி, போயர் போன்ற பெரிய இனக் கிடாவைச் சேர்த்தாலும் நேரும். குட்டி எடையாகப் பிறக்க வேண்டும் என்ற ஆசை இங்கே தாய்க்கும் குட்டிக்கும் பகையாகிறது.

சோதிப்பது எளிது. குட்டியை மடியில் கிடத்தி, மடங்கிய காலை மெல்ல நீட்டிப் பார்க்க வேண்டும். வலிக்காமல் நேராக வந்தால் கவலை குறைவு. லேசான மடக்கு, குட்டி நடக்க நடக்கச் சில நாளில் தானாக இளகும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை காலை நீட்டி நீவிவிட்டால் விரைவாகும். கொஞ்சம் கடினமான மடக்குக்கு மூங்கில் பத்தையோ நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயோ வைத்துக் கட்டலாம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு தெரியாதவர்கள் குறைவு. பத்தை கட்டுகிற கைகள் நம்மிடம் உண்டு. ஆனால் பிறந்த குட்டியின் தோல் காகிதத்துக்குச் சமம். பஞ்சு தாராளமாகச் சுற்றி, குளம்பு நுனிவரை தாங்கும்படி வைத்து, தினம் ஒரு முறையாவது அவிழ்த்துப் பார்க்க வேண்டும். கட்டுக்குக் கீழே வீங்கினாலோ சில்லிட்டாலோ அந்த நொடியே அவிழ்க்க வேண்டும். கட்டிய கட்டை மறந்து கால் அழுகிப்போன குட்டிகள், சுருக்கத்தோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கும். இறுக்கமான சுருக்கத்துக்குக் கால்நடை மருத்துவரே கட்டுவது நல்லது.

நேர் எதிரான கோளாறும் உண்டு. தசைநாண் தளர்ந்து, பின்னங்கால் கணு தரையில் தோய நடக்கும் குட்டி. நாள் நிறையாமல் பிறந்தவற்றில் இது அதிகம். வழுக்காத தரையும் நல்ல பாலும் கிடைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். மொசைக் தரையிலும் டைல்ஸிலும் விட்டால் கால்கள் பக்கவாட்டில் விரிந்து இடுப்பே கெட்டுப்போகும். ஒரு சாக்கை விரித்தால் போதும்.

முதல் சில நாட்களை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஓர் ஆட்டின் வரலாறும் காரணம். ஸ்லைபர் என்ற டச்சு உடற்கூற்றியலாளர் 1942-இல் ஒரு வெள்ளாட்டைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறவியிலேயே முன்னங்கால் உதவவில்லை. அது பின்னங்கால்களால் மட்டுமே தாவித் தாவி நடந்து ஓர் ஆண்டு வாழ்ந்தது. விபத்தில் இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது, முதுகெலும்பு வளைந்திருந்தது. இடுப்பெலும்பும் மார்புக்கூடும் உருமாறியிருந்தன. தசைகள் வழக்கமில்லாத இடங்களில் பற்றியிருந்தன. அந்த மாற்றங்களை அதன் உடல் வாழ்நாளிலேயே, நடந்த நடையைக் கொண்டே அமைத்துக்கொண்டது. பரிணாம உயிரியல் நூல்கள் இந்த ஆட்டை இன்றும் எடுத்துக்காட்டுகின்றன. ஆடு வளர்ப்பவருக்கும் இதில் செய்தி இருக்கிறது. வளரும் எலும்பும் தசையும் சுமக்கிற விதத்துக்கு ஏற்ப உருவெடுக்கின்றன. பிறந்த வாரத்தில் ஒரு பத்தை காலை நிமிர்த்துவது இதனால்தான். இரண்டு மாதம் கோணலாக நடக்க விட்ட கால் கோணலாகவே முற்றிவிடுவதும் இதனால்தான்.

காலை நீட்டிப் பார்த்து, மூட்டு இறுகிப்போய் அசையவே மறுத்தால் கதை மாறுகிறது. அப்படிப்பட்ட மூட்டு கருவில் வெகு முன்பே இறுகியிருக்கும். பத்தை அதைத் திருத்தாது. கூடவே முதுகு வளைவோ அன்னப்பிளவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணங்களில் ஒன்று நஞ்சுச் செடி. நம் ஏரிக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் ஊதாப் பூவோடு புதராக மண்டிக் கிடக்கிற நெய்வேலிக் காட்டாமணக்கு அவற்றில் ஒன்று. அதில் சுவைன்சோனைன் என்ற நஞ்சு இருக்கிறது. தொடர்ந்து தின்ற ஆட்டுக்கு நரம்புத் தளர்ச்சி வரும். சினை ஆடுகளுக்கு இந்தச் செடியைக் கொடுத்து ஆராய்ந்த பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள், பிறந்த குட்டிகளில் மடங்கிய முன்னங்கால்களையும் உள்வாங்கிய தாடையையும் கண்டார்கள். பசுந்தீவனம் கிடைக்கிறபோது ஆடு இதைத் தொடாது. கோடையில் வேறு பச்சை இல்லாதபோது கடிக்கத் தொடங்கி, பிறகு பழகிப்போய்த் தேடித் தின்னும். வைத்திக்குப்பத்தின் தெருவில் அந்தச் செடி இல்லாமல் இருக்கலாம். ஆனால் சினை ஆட்டைச் சந்தையில் வாங்கி வருகிறவருக்கு அது எந்த ஏரிக்கரையில் மேய்ந்தது என்று தெரியாது.

செடி நஞ்சு பால் வழியாக மனிதரையும் எட்டலாம் என்பதற்குக் கலிபோர்னியாவில் ஒரு குழந்தை சாட்சியானது. 1981-இல் வெளியான ஆய்வு அது. கை எலும்புகள் கோணிப் பிறந்த ஓர் ஆண் குழந்தையின் தாய், கருவுற்ற மாதங்களில் சொந்த வெள்ளாடுகளின் பாலைக் குடித்திருந்தார். அந்த ஆடுகள் லூப்பின் என்ற காட்டுச்செடியை மேய்ந்தவை. அவற்றின் குட்டிகளும் கால் கோணிப் பிறந்தன. அதே பாலைக் குடித்த நாயின் குட்டிகளும் அப்படியே. லூப்பினில் உள்ள அனஜைரின் என்ற நஞ்சே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

வைரஸ்களும் இறுகிய மூட்டுக்குக் காரணமாகின்றன. ஜப்பானில் கண்டறியப்பட்ட அகபேன், 2011-இல் ஜெர்மனியில் வெளிப்பட்ட ஷ்மாலன்பர்க் இரண்டும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு கடி ஈக்களால் பரவி, சினையின் முற்பகுதியில் கருவைத் தாக்குகின்றன. ஒரே தெருவில் ஒரே பருவத்தில் பல ஆடுகள் இப்படிக் குட்டி போட்டால் அதை விதி என்று விடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

இனி உப்புகள். செலினியமும் வைட்டமின் ஈ-யும் குறைந்த தாய்க்குப் பிறக்கும் குட்டி விறைத்த காலோடு, முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும். சில வாரங்களிலும் தொடங்கலாம். அறிவு தெளிவாக இருக்கும், பசியும் இருக்கும். சப்பவும் நிற்கவும் தசைக்கு வலு இராது. இறந்த குட்டியை அறுத்தால் தொடைத் தசையில் வெள்ளைக் கோடுகள் தெரியும். அதனால் வெண்தசை நோய் என்று பெயர். செலினியம் இந்த நோயைத் தடுக்கிறது என்பதை 1958-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள் ஆட்டுக்குட்டிகளில் நிறுவினார்கள். இதயத்தசையைத் தாக்கினால் ஓடி விளையாடுகிற குட்டி அப்படியே விழுந்து இறக்கும். தக்க நேரத்தில் ஊசி போட்டால் அதிசயமாகத் தேறும். அளவு கொஞ்சம் மிஞ்சினால் அதே ஊசி நஞ்சு. எனவே இதைக் கடையில் வாங்கித் தானே போடுவது தவறு.

மீனவர் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. மீன் எண்ணெய் எலும்புக்கு நல்லது என்று எல்லோரும் அறிவார்கள். வைட்டமின் டி அதில் நிறைந்திருப்பதும் உண்மை. ஆனால் 1930-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆடுகளுக்கு மீன் ஈரல் எண்ணெய் கொடுத்துப் பார்த்தபோது தசைகள் சிதைந்தன. அந்த எண்ணெயின் கொழுப்பு உடலிலுள்ள வைட்டமின் ஈ-யை அழித்துவிடுகிறது. நோஞ்சான் குட்டிக்கு மீன் எண்ணெயை வாயில் ஊற்றுகிற அன்பு, அதன் காலை இன்னும் வலுவிழக்கச் செய்யும்.

தாமிரக் குறைவு செலினியக் குறைவைவிடக் கொடியது. கருவின் நரம்புகளைச் சுற்றி உறை படிவது தாமிரம் இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பெனட்ஸ், சாப்மன் இருவரும் 1937-இல் செம்மறிக் குட்டிகளின் நடைத் தள்ளாட்டத்துக்குத் தாயின் தாமிரக் குறைவே காரணம் என்று காட்டினார்கள். வெள்ளாட்டுக் குட்டியில் இது பெரும்பாலும் தாமதமாக, சில வாரம் கழித்து வரும். பின்பாகம் ஆடும், ஓடவிட்டால் இடுப்பு ஒரு பக்கம் சாயும், பிறகு நாய்போல உட்கார்ந்துவிடும். கெட்ட நரம்பு திரும்பாது. தாயின் சினைக்காலத் தீனியில் ஆட்டுக்கான தாது உப்புக் கலவை சேர்ப்பதுதான் காப்பு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் முதலிய நிறுவனங்கள் இதைப் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றன. ஒரு கவனம் தேவை. வெள்ளாடு தாங்கும் தாமிரத்தைச் செம்மறி தாங்காது. இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற வீடுகளில் ஒரே கலவையை இரண்டுக்கும் வைக்கக் கூடாது.

இதுவரை சொன்னவற்றைவிட எனக்கு அதிக வருத்தம் தருவது மூட்டுச் சீழ் நோய். இதில் இறக்கும் குட்டிகளைக் காப்பாற்றச் சில ரூபாய் மருந்து போதும். குட்டி நல்ல காலோடு பிறக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து மூன்றாம் வாரத்துக்குள் ஒரு முட்டி வீங்குகிறது, தொட்டால் சுடுகிறது. அடுத்து இன்னொரு மூட்டு. குட்டி படுத்தே கிடக்கிறது, பால் குடிப்பதைக் குறைக்கிறது. வீட்டில் பார்ப்பவர்கள் சுளுக்கு என்கிறார்கள். தாய் மிதித்துவிட்டது என்கிறார்கள். எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். உருவ உருவ வலி கூடுகிறது. உண்மையில் அந்தக் கிருமி நுழைந்த வாசல் காலில் இல்லை. பிறந்த அன்று ஈரமாகத் தொங்கிய தொப்புள்கொடி வழியாக அழுக்குத் தரையின் பாக்டீரியா இரத்தத்தில் ஏறி, இரத்தம் மிகுந்த இளம் மூட்டுகளில் தங்கியிருக்கிறது. குட்டி நொண்டினால் அதைப் புரட்டித் தொப்புளைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். அங்கே விரல் தடிமனுக்கு வீக்கமோ ஈரமோ நாற்றமோ இருந்தால் விடை கிடைத்தது.

மழைக்காலம் இதன் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் குப்பத்துச் சந்துகளில் தரை காய்வதே இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கு மேல் மழை கொட்டி நகரமே வெள்ளக்காடானது. அத்தகைய நாளில் ஈனுகிற ஆட்டுக்கு உலர்ந்த இரண்டு முழ இடம் கிடைப்பதே பெரிய காரியம். மரப்பலகை அடித்த ஒரு சிறு பரண், சாக்கு, காய்ந்த வைக்கோல், இவற்றை ஈற்றுக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். வெயில் காலத்தில் கடலோரத்துக்கு ஒரு வசதி உண்டு: காய்ந்த சுத்தமான மணல் சிறுநீரை உடனே வடித்துவிடும். மீன் கழுவிய நீர் பாயும் மணல் அப்படியல்ல.

நான் சொன்ன அந்தச் சில ரூபாய் மருந்து, தொப்புள்கொடிக்கான அயோடின் கரைசல். மருத்துவர்கள் பரிந்துரைப்பது 7 விழுக்காட்டு டிஞ்சர். அது கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கிற போவிடோன் அயோடின். பஞ்சால் தொட்டுத் தடவினால் போதாது. சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, கொடி முழுவதும் வயிற்றை ஒட்டி மூழ்கும்படி நனைக்க வேண்டும். கொடி காயும்வரை திரும்பவும் செய்ய வேண்டும். சாணம், சாம்பல் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாணத்தில் ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் இருக்கும். நோய் வந்துவிட்டால் முதல் இரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் சொன்ன நாள்வரை ஊசி போட வேண்டும். வீக்கம் வற்றியதும் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். குருத்தெலும்பு அரித்துவிட்டால் கால் போயிற்று.

தொப்புளுக்கு அடுத்த காவல் சீம்பால். ஆட்டின் நஞ்சுக்கொடி நோய் எதிர்ப்புப் பொருளைக் கருவுக்குக் கடத்துவதில்லை. குட்டி வெறும் கையோடு பிறக்கிறது. சீம்பாலிலிருந்துதான் அதைப் பெற வேண்டும். குடல் அதை உறிஞ்சும் வழி ஒரு நாளுக்குள் அடைபட்டுவிடும். முதல் ஆறு மணி நேரம் பொன்னானது. இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது வேண்டும். கால் மடங்கிய குட்டி எட்டிப் பிடித்துக் குடிக்க முடியாமல் இதை இழக்கிறது. பிறகு மூட்டுச் சீழும் சேர்கிறது. எனவே நிற்காத குட்டிக்குப் பத்தை கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது, தூக்கிப் பிடித்தோ கறந்து புட்டியிலோ சீம்பாலைக் கொடுப்பது. நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் கொடுக்கக் கூடாது என்று காத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

மூன்று முதல் பத்து நாளுக்குள் வரும் இன்னொன்று துவண்ட குட்டி நோய். காய்ச்சல் இல்லை, கழிச்சல் இல்லை, மூட்டு வீக்கம் இல்லை. வயிறு நிறையப் பால் இருக்கும். குட்டி மட்டும் துணிபோலத் துவண்டு கிடக்கும். வயிற்றில் பால் புளித்து உண்டாகும் லாக்டிக் அமிலம் இரத்தத்தில் ஏறியதன் விளைவு. பாலை ஒரு நாள் நிறுத்தி, மருத்துவர் சொல்லும் அளவில் சோடா உப்பைக் கரைத்துக் கொடுத்தால் பல குட்டிகள் எழுந்துவிடும். புட்டிப்பால் குடிக்கும் குட்டிக்கு ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல் பிரித்துக் கொடுப்பது நல்லது. ரணஜன்னி இதற்கு நேர்மாறு: நான்கு காலும் மரக்கால்போல விறைக்கும், காது நிமிரும், வாய் பூட்டிக்கொள்ளும். பிழைப்பது அரிது. சினையின் கடைசி மாதத்தில் தாய்க்குத் தடுப்பூசி போட்டால் சீம்பால் வழியே குட்டிக்கும் காப்பு இறங்கும்.

அடிபட்ட கால்கள் தனி. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் பாறைகள்மேல் தாவுகிற குட்டியின் கால் இடுக்கில் சிக்கினால் மெல்லிய எலும்பு முறியும். தோல் கிழியாத முறிவு சரியான கட்டில் மூன்று நான்கு வாரத்தில் கூடிவிடும். ஈற்றின்போது ஒரே காலைப் பிடித்து இழுத்ததாலும் நரம்பு அறுபடும். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் ஊசி. குட்டியின் பிட்டத்தில் சதை குறைவு. அங்கே போடும் ஊசி காலுக்குப் போகும் பெருநரம்பில் பட்டால் பின்னங்கால் செத்துத் தொங்கும். கழுத்தில் போடச் சொல்லிக் கேட்பது வளர்ப்பவரின் உரிமை.

ஒரு மாதத்துக்குப் பிறகு தொடங்கும் வளைவுகளை விரைவாகச் சொல்லலாம். வெயிலே படாத இருட்டில் வளரும் குட்டிக்கு வைட்டமின் டி குறைந்து முன்னங்கால் வில்லாக வளையும். தினம் வெயில் காட்டினாலே பாதி தீரும். இரண்டு முதல் ஆறு மாதக் குட்டியின் பின்னங்கால் படிப்படியாகச் செயலிழந்தால், தாய்ப்பால் வழிப் பரவும் மூட்டு மூளை அழற்சி வைரஸையும் தாமிரக் குறைவையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. இரத்தப் பரிசோதனை தேவை. குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக்காரர்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. ஆனால் நடக்க முடியாத குட்டியைத் துணியில் சுற்றி, அரை நாள் வேலையை விட்டு, ஆட்டோ பிடித்துப் போகிற செலவு ஒரு குட்டியின் விலையை நெருங்குகிறது. குப்பங்களுக்கே மாதம் ஒரு முறை மருத்துவர் வருகிற ஏற்பாடு இருந்தால் மூட்டுச் சீழில் போகும் குட்டிகளில் பலவற்றைக் காக்கலாம் என்று நம்புகிறேன்.

மிஞ்சுவது மரபு. ஒரு தெருவுக்கு ஒரு கிடா என்றிருக்கும் இடத்தில் மூன்று ஆண்டுக்குள் அது தன் மகளையும் பேத்தியையும் சேர்ந்துவிடும். பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் குறை அப்போது குட்டியில் வெளிப்படும். நியூபியன் ஆடுகளில் வரும் பீட்டா மேனோசிடோசிஸ் அப்படிப்பட்டது. பிறந்த குட்டி முட்டி மடங்கி எழவே முடியாமல் இறக்கும். ஆங்கிலோ நியூபியன் இனத்தின் முன்னோரில் நம் ஜமுனாபாரியும் ஒன்று. மடங்கிய கால் பத்தையில் நிமிர்ந்துவிட்ட பெட்டைக் குட்டியை வளர்ப்புக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. இறுகிய மூட்டோடு குட்டி போட்ட தாயை மறுமுறை அதே கிடாவிடம் விடக் கூடாது. அடுத்த ஈற்றும் அப்படியே என்றால் தாயையும் கழித்துவிட வேண்டும். இதற்கு எந்த ஆடு எந்தக் கிடாவோடு எந்த மாதம் சேர்ந்தது என்ற குறிப்பு வேண்டும். சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்தாலும் போதும். வைத்திக்குப்பமும் குருசுக்குப்பமும் சோலை நகரும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கிடாக்களை மாற்றிக்கொள்ளலாம். நடந்தே கொண்டுபோய் விடுகிற தூரம்தான்.